யார் யாரை ‘புக்’ பண்ணினார்கள்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகி, “என் மகன் காலேஜில் சேர்ந்ததிலிருந்து பெண்களைப் பற்றிப் பேசும் விதமே மாறிவிட்டது” என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். படிக்கிற பிள்ளைகளே இதைப் பற்றி எழுதுங்களேன் என்று பதிலின் கடைசியில் சும்மா ஒரு வரி போட்டேன். குவிந்துவிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். தங்கிலீஷில் வந்ததைத் தமிழாக்கியது நான்தான், அதில் சுவை குறைந்திருந்தால் பழி என்னுடையது.

மேடம், எங்கள் கேங்கில் நான்கு பேர். ஃப்ரெஷர்ஸ் டே அன்றே இசிஇ (எலக்ட்ரானிக்ஸ்) பெண் ஒருத்தியைப் பார்த்துவிட்டு “மச்சான், அவ என் ஆளு, எவனும் பார்க்கக் கூடாது” என்று ஒருவன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் அவள் ‘சிஸ்டர்’. இந்த இரண்டு வருடத்தில் அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது சிம்போசியம் வேலையில் நானும் அவளும் ஒரே கமிட்டி. நன்றாகப் பேசுகிறாள், எனக்குப் பிடித்திருக்கிறது, அவளுக்கும் பிடித்திருக்கும் என்று தோன்றுகிறது. விஷயம் தெரிந்ததும் ஹாஸ்டல் ரூமில் பஞ்சாயத்து வைத்து, நண்பனின் ஆளை உஷார் பண்ணினவன் என்று என்னை ஒதுக்கிவிட்டார்கள். மெஸ்ஸில்கூட என் பக்கத்தில் உட்காருவதில்லை. நட்பா, காதலா?
– மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு, நாமக்கல்

பஞ்சாயத்துக்கு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டீர்களா? இல்லை, தெரியும். புறம்போக்கு நிலத்துக்கு யார் முதலில் வேலி போட்டார்கள் என்று நான்கு பேர் உட்கார்ந்து பேசினால் நிலத்தை யார் கேட்கப்போகிறார்கள்.

தம்பி, உங்கள் நண்பன் செய்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவளைப் பார்த்த முதல் ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் மூன்று பேரிடமும் சொல்லிவிட்டான், அவளிடம் சொல்ல இரண்டு வருடம் போதவில்லை. அப்படியென்றால் அந்த அறிவிப்பு யாருக்காக? உங்களுக்காகத்தான். அவன் பார்த்தது அவளை, நிரூபித்துக் காட்டியது உங்களிடம். இன்று அவனுக்கு வலிப்பதும் உங்கள் மூன்று பேர் முன்னால் கெத்து போனதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது, அவள் போனது அல்ல, அவள் எங்கே வந்தாள் போவதற்கு.

இதற்கு இடமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் 47 சதவீதம் என்கிறது மத்திய அரசின் 2021–22 கணக்கெடுப்பு, அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ஆனால் மெக்கானிக்கல் வகுப்புக்குள் போய்ப் பார்த்தால் அறுபது பையன்களுக்கு நடுவே முதல் பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், சில வருடம் அதுவும் இருக்காது. கூட உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதி, சண்டை போட்டு, அரியர் வைத்து, சாதாரணமாகப் பழகிய பெண் என்று ஒருத்தி இல்லாதபோது பெண் என்றாலே பக்கத்து பிளாக்கிலிருந்து நடந்து போகும் ஒரு காட்சி. காட்சிக்குத்தான் டிக்கெட் போடுவார்கள், சீட்டு பிடிப்பார்கள்.

எங்கள் காலத்திலும் இது இருந்தது. தொண்ணூறுகளில் நான் படித்த வகுப்பில் நாங்கள் நான்கே பெண்கள். இருபது வருடம் கழித்து ரீயூனியனில் ஒருவர் பஜ்ஜி தின்றுகொண்டே சொல்கிறார், முதல் செமஸ்டரிலேயே எங்கள் நான்கு பேர் பெயரையும் சீட்டு எழுதிக் குலுக்கிப் பிரித்துக்கொண்டார்களாம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து ராத்திரி தூக்கம் வரவில்லை. என் சீட்டு யாருக்கு விழுந்ததோ அவர் நான்கு வருடத்தில் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை, டிராஃப்டர் கடன் கேட்டு. (திருப்பித் தரவில்லை.)

சரி, என்ன செய்வது? அந்த நண்பனிடம் தனியாகப் பேசுங்கள், மற்ற இருவரும் இல்லாத நேரத்தில். “எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது, உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, ஒளிக்கவும் விரும்பவில்லை” என்று சொன்னால் போதும். ஒரு மாதம் முறைப்பான். அப்புறம் செமஸ்டர் வந்தால் நோட்ஸுக்கு உங்களிடம்தான் வருவான். இன்னொன்று, “உனக்காக என் நண்பர்களையே பகைத்துக்கொண்டேன்” என்று அவளிடம் போய் நிற்காதீர்கள். அவள் உங்களிடம் நன்றாகப் பேசுவது கமிட்டி வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்காகவும் இருக்கலாம். அந்த ‘சிஸ்டர்’ என்ற வார்த்தையையும் இனி விட்டுவிடுங்கள், அண்ணன் வேண்டும் என்று அவள் யாரிடமும் மனு கொடுக்கவில்லை.

என் வகுப்புப் பையன்கள் தனியாக ஒரு வாட்ஸ்அப் க்ரூப் வைத்து எங்கள் எல்லோருக்கும் மார்க் போட்டு வரிசைப்படுத்தியிருந்தார்கள். ஸ்கிரீன்ஷாட் லீக் ஆகிவிட்டது. பெண்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினோம். யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று: ஸ்கிரீன்ஷாட் வந்தவுடன் நான் முதலில் தேடியது என் பெயர் எத்தனாவது என்றுதான். ஏழாவது. முதல் இடத்தில் இருந்தவள் என் தோழி. அன்றிலிருந்து அவளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. அசிங்கமாக இருக்கிறது.
– பி.காம் இரண்டாம் ஆண்டு, சென்னை

இந்த வாரம் வந்த கடிதங்களில் என்னை ரொம்ப நேரம் உட்கார வைத்தது இதுதான்.

அசிங்கப்பட என்னம்மா இருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ரேங்க் கார்டு பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் நாம். எந்தத் தாளில் நம் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தாலும் கண் தானாக அங்கே போகும், பேப்பர் திருத்தியது யார் என்று அப்புறம்தான் கேட்போம். நீ ஒரு நிமிடம் அந்தத் தாளை நம்பினாய், அவ்வளவுதான்.

இது புதிது என்று நினைத்துக்கொள்ளாதே. 2003 அக்டோபரில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், விடுதிகளின் இணையப் பக்கங்களிலிருந்து சக மாணவர்களின் படங்களைக் கேட்காமல் எடுத்து, இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்து, யார் அழகு என்று ஓட்டுப் போட வைத்தார். ஃபேஸ்மாஷ் என்று பெயர். சில நாட்களில் மூட வேண்டியதாயிற்று, மாணவிகள் அமைப்புகள் கொதித்தன, ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூப்பிட்டு விசாரித்தது, அவரும் மன்னிப்புக் கேட்டார். அந்த மாணவர் மார்க் ஜுக்கர்பெர்க். நம் வகுப்புப் பையன்கள் மார்க் போட்ட வாட்ஸ்அப்பும் இன்று அவர் கம்பெனியுடையதுதான் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும் சண்டையை மட்டும் கவனி. மார்க் போட்டவர்கள் இருபது பேர் இருப்பார்கள். ஆனால் நீ இன்று கோபப்படுவது அவர்களில் ஒருவனிடமும் இல்லை, பட்டியலைப் பார்க்காமல், கேட்காமல், முதலிடத்தில் வைக்கப்பட்ட தோழியிடம். அவள் நிலைமை உன்னைவிட மோசமாகக்கூட இருக்கலாம், முதலாவது என்று வந்தவளைத்தான் அடுத்த ஒரு மாதம் கேன்டீனில் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். முடிந்தால் அவளிடமே சொல்லிவிடு, “எனக்கு உன் மேல் பொறாமை வந்துவிட்டது, என்ன கர்மமோ” என்று. என் அனுபவத்தில் இப்படிச் சொன்னவுடன் அடுத்து வருவது பெரும்பாலும் சிரிப்பு.

அந்த க்ரூப்பை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். உடம்பைப் பற்றிக் கமென்ட் அடித்து ஒரு பட்டியல் சுற்றுகிறது என்றால் அது கல்லூரியின் உள் புகார்க் குழுவுக்குப் போக வேண்டிய விஷயம். அந்தக் குழுவைப் பற்றிக் கீழே இன்னொரு கடிதத்துக்கு விவரமாகச் சொல்லியிருக்கிறேன்.

பொண்ணுங்களுக்கு பஸ் ஃப்ரீ, மாசம் ஆயிரம் ரூபாய் ஃப்ரீ. பசங்களுக்கு என்ன இருக்கு? இதில் ஆணாதிக்கம் என்று வேறு பேசுகிறீர்கள்.
– டிப்ளமோ மாணவர், விழுப்புரம்

அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. அதே ஆயிரத்தைப் பையன்களுக்கும் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. நீங்கள் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். பஸ் பாயிண்டை ஒப்புக்கொள்கிறேன், அது 2021-லிருந்து பெண்களுக்குத்தான், அதுவும் சாதாரண டவுன் பஸ்ஸில். கூட்டத்தில் பின்னாலிருந்து எவன் இடிப்பான் என்று பையை முன்னால் மாட்டிக்கொண்டு போகிற பிரயாணம் அது, நீங்களும் ஒரு நாள் பையை அப்படி மாட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

80 சதவீதப் பெண்கள் 20 சதவீத ஆண்களை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது. பைக், ஐபோன், ஜிம் பாடி இருக்கும் ஆல்ஃபாவுக்குத்தான் வாழ்வு. எங்களைப் போன்ற பீட்டாக்கள் ‘பாய் பெஸ்டி’யாகவே சாக வேண்டியதுதான். ஏன் யாரும் இந்த உண்மையைச் சொல்வதில்லை?
– ஐடி இறுதியாண்டு, மதுரை

யாரும் சொல்வதில்லையா? என் போனைத் திறந்தால் ரீல்ஸில் மைக் வைத்துக்கொண்டு இதைச் சொல்லாத ஆள் இல்லை.

அந்த 80-க்குத் துணையாக அடிக்கடி காட்டப்படுவது 2009-இல் ஓகேக்யூபிட் என்ற அமெரிக்க டேட்டிங் தளம் தன் கணக்குகளை அலசி வெளியிட்ட ஒரு கட்டுரை. அதில் பெண்கள், ஆண்களின் படங்களில் 80 சதவீதத்தை சுமாருக்கும் கீழே என்றுதான் மதிப்பிட்டிருந்தார்கள், அது உண்மை. ஆனால் அதே கட்டுரையின் அடுத்த பகுதியில், அந்தப் பெண்கள் யாருக்கு மெசேஜ் அனுப்பினார்கள் என்று பார்த்தால், சுமார் என்று தாங்களே மார்க் போட்ட ஆண்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். ஆண்களோ பெண்களுக்குத் தாராளமாக, நியாயமாக மார்க் போட்டுவிட்டு, மெசேஜ் அனுப்பும்போது மூன்றில் இரண்டு பங்கை அழகில் முதல் மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கே அனுப்பியிருந்தார்கள். அதாவது எல்லோரும் ஒரே ஆளைத் துரத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்தக் கணக்கில் யார் மீது பொருந்துகிறது? ரீல்ஸ்காரர் முதல் பாதியோடு வெட்டிவிட்டார், உங்களையும் சேர்த்து.

ஆல்ஃபா கதை இதைவிட ருசியானது. அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-இல் ஒருவர் எழுதியதிலிருந்து, கூட்டத்தில் சண்டை போட்டு ஜெயித்தவனே தலைவன், அவனே ‘ஆல்ஃபா’ என்ற எண்ணம் வந்தது. அதை உலகம் முழுக்கப் பரப்பியது டேவிட் மீச் என்ற ஆய்வாளர் 1970-இல் எழுதிய ஓநாய்ப் புத்தகம். (அவர் பெயரை ஆங்கிலத்தில் Mech என்று எழுதுவார்கள், மெக் டிபார்ட்மென்ட் எழுத்தேதான், மேலே உள்ள நாமக்கல் தம்பி சந்தோஷப்படலாம்.) அப்புறம் அவரே காட்டில் வருடக்கணக்காக ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999-இல் தான் சொன்னது தப்பு என்று எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம், முன்னால் போகும் இரண்டும் அப்பா அம்மா, பின்னால் வருபவை அவர்கள் குட்டிகள். முதல் புத்தகத்தை அச்சடிப்பதை நிறுத்துங்கள் என்று பதிப்பாளரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார் மனிதர். ஆக, ஆல்ஃபா ஆக வேண்டுமென்றால் ஜிம்முக்குப் போக வேண்டாம், விடிகாலையில் எழுந்து நான்கு குட்டிக்குச் சாப்பாடு தேட வேண்டும். உங்கள் வீட்டில் அப்படி இரண்டு ஆல்ஃபாக்கள் ஏற்கெனவே இருப்பார்கள்.

பணக்காரப் பையனுக்கு வழி சுலபம் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த வலி நிஜம். ஆனால் பெஸ்டியாக இருப்பதைச் சாவு என்கிறீர்களே, அவள் உங்களை நம்பிப் பேசிய பேச்செல்லாம் உங்களுக்கு வெறும் வெயிட்டிங் லிஸ்ட்தானா?

மேடம், ஒருவனிடம் விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். எங்கள் கல்லூரிதான், சீனியர். அதற்குப் பிறகும் தினமும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான். நான் நடந்தால் அவன் நண்பர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். போன வாரம் பிளேடால் கையைக் கிழித்துக்கொண்டு போட்டோ அனுப்பியிருக்கிறான். என் தோழிகள் “பாவம்டி, ஓகே சொல்லிடு” என்கிறார்கள். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள். என்ன செய்வது?
– முதலாண்டு, திருநெல்வேலி

கண்ணு, முதலில் ஒன்று. அவன் கையை அறுத்துக்கொண்டதற்கு நீ காரணம் இல்லை, அதைக் குணப்படுத்தும் மருந்தும் நீ இல்லை. அவனுக்கு உதவி தேவைதான். அதை அவன் வீட்டாரும் ஒரு மருத்துவரும் செய்ய வேண்டும், 14416 என்ற டெலிமனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும். அந்தப் போட்டோவை ஒரு பேராசிரியரிடம் காட்டி, அவன் வீட்டுக்குத் தகவல் போகும்படி செய். சமாதானப்படுத்துகிறேன் என்று தனியாகச் சந்திக்கப் போய்விடாதே.

இந்த மிரட்டல் நம் ஊரில் ரொம்பப் பழையது. சங்கப் பாடல்களில் மடலேறுதல் என்று படித்திருப்பாய். விரும்பிய பெண் கிடைக்காதவன் பனை மட்டையில் குதிரை செய்து, அதன் கருக்கு உடம்பைக் கிழிக்க, எருக்கம்பூ மாலை போட்டுக்கொண்டு, அவள் படத்தைக் கையில் பிடித்துத் தெருவில் வருவது. பார்ப்பது ஊர், தலை குனிவது பெண் வீடு. பெரும்பாலும் ‘ஏறப்போகிறேன்’ என்று சொல்வதோடு சரி, அந்தச் சொல்லுக்கே வேலை நடந்துவிடும். தமிழ் வாத்தியார்கள் இதைக் காதலின் உச்சம் என்று நடத்துவார்கள், எனக்கு அந்தப் பாடங்களில் எப்போதும் அந்தப் பெண்ணின் வயிற்றில் ஏற்பட்டிருக்கும் கலக்கம்தான் தெரியும். பஸ் ஸ்டாப்பில் நண்பர்களை நிறுத்திக் கத்த வைப்பதும் அதே வேலைதான், ஊரைத் துணைக்கு அழைப்பது.

கும்பலாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள ஆரம்பிக்கும் விளையாட்டு எங்கே போய் நிற்கும் என்று தமிழ்நாட்டுக்குத் தெரியும். 1998 ஜூலையில் சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர் கும்பல் சீண்டியதில் கீழே விழுந்து சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி இறந்துபோனார். அந்த வருடமே ஈவ் டீஸிங் தடைச் சட்டம் வந்தது. பிறகு அந்தக் கேலியான பெயரை நீக்கி, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று மாற்றினார்கள். விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் பாரதிய நியாய சம்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 78-ஆம் பிரிவின்படி குற்றம், முதல் முறைக்கே சிறை கிடைக்கலாம். நீ விருப்பமில்லை என்று சொன்ன மெசேஜை அழித்துவிடாதே. அவன் அனுப்பியவற்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வை.

உங்கள் கல்லூரியில் உள் புகார்க் குழு கட்டாயம் இருக்க வேண்டும், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைகள் அப்படிச் சொல்கின்றன. தலைவர் பெண் பேராசிரியராக இருப்பார், வெளியாள் ஒருவர் இருப்பார், மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகள் மூன்று பேரும் இருப்பார்கள். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், தொடர்ந்து நடக்கிறது என்றால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. புகார் கொடுத்தவர் பெயர் வெளியே போகக் கூடாது. கல்லூரி அசைந்து கொடுக்கவில்லை என்றால் 181-க்கு போன் செய்.

வீட்டு விஷயம்தான் கஷ்டம். அவன் நம்பியிருப்பதும் அதைத்தான், நீ வீட்டில் வாய் திறக்க மாட்டாய் என்று. அப்பாவிடம் நேராகப் போக வேண்டாம். சித்தியோ அத்தையோ தாய்மாமாவோ, உன் படிப்பில் அக்கறை உள்ள ஒருவர் இருப்பார், அவரிடம் ஸ்கிரீன்ஷாட்டோடு போ. “இப்படி ஆகிவிட்டது” என்று அழுதுகொண்டு நிற்பதைவிட, “இப்படி நடக்கிறது, கல்லூரியில் புகார் கொடுக்கப்போகிறேன், கூட வாருங்கள்” என்று சொன்னால் படிப்பை நிறுத்து என்ற பேச்சு எழ இடம் குறைவு. “பாவம்டி” என்ற தோழிகளிடம் ஒன்று கேள், அவர்களில் யார் அவனோடு தனியாகப் பைக்கில் ஏறத் தயார்?

மகளுக்கு இந்த வருடம் அட்மிஷன். இதையெல்லாம் பார்த்தால் பெண்கள் கல்லூரியிலேயே சேர்த்துவிடலாம் என்று இருக்கிறது. சரியா?
– ஒரு தாய், சேலம்

நல்ல கல்லூரியாக இருந்தால் சேருங்கள், பயத்துக்காகச் சேர்க்காதீர்கள். வேலைக்குப் போகும் இடத்தில் பெண்கள் கம்பெனி என்று தனியாகக் கிடையாது. கலந்து படிக்கும் கல்லூரி என்று பெயர் வைத்துக்கொண்டு தனி மாடிப்படி, பஸ்ஸில் தனி வரிசை, பேசினால் ஐடி கார்டைப் பிடுங்குவது என்று நடத்தும் இடங்களும் இருக்கின்றன. அப்படி ஒன்றில் நானே ஆறு வருடம் பாடம் நடத்தினேன். ஐந்து நிமிடம் பேசினாலே குற்றம் என்கிற இடத்தில் பேசிவிட்டவன் வீரனாகிவிடுகிறான், பேசிய பெண் ‘அந்த மாதிரி’ ஆகிவிடுகிறாள். 2005-இல் அண்ணா பல்கலைக்கழகம் ஜீன்ஸ் வேண்டாம், ஸ்லீவ்லெஸ் வேண்டாம் என்று உடைக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோதும் டீக்கடை வரை விவாதம் நடந்தது. அத்தனை விவாதத்திலும் பையன்கள் எப்படிப் பேச வேண்டும் என்று யாரும் சுற்றறிக்கை விட்டதாக ஞாபகம் இல்லை. மகளுக்குப் பிடித்த பாடம் எங்கே நன்றாக இருக்கிறதோ அங்கே பாருங்கள்.

எல்லாம் தப்பு என்றால் எப்படித்தான் ப்ரபோஸ் பண்ணுவது?
– பி.எஸ்சி., திருச்சி

பிப்ரவரி 14 வேண்டாம். முட்டி போட வேண்டாம். பின்னால் போனை வைத்துக்கொண்டு வீடியோ எடுக்கும் நண்பர்கள் கண்டிப்பாக வேண்டாம், நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் ‘இல்லை’ என்று சொல்வது அவளுக்குக் கஷ்டம், அந்தக் கஷ்டத்தை நம்பித்தான் நிறையப் பேர் கூட்டம் சேர்க்கிறார்கள். கொஞ்ச நாளாவது பேசிப் பழகியவளாக இருந்தால், “நாளைக்கு லஞ்ச்சுக்கு அப்புறம் கேன்டீன் வர்றியா, நாம மட்டும்?” என்று கேளுங்கள். வேலை இருக்கிறது என்றால் வேலை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறையும் வேலை இருந்தால் அதுதான் பதில். வந்தால், நேராகச் சொல்லிவிட்டு அவள் யோசிக்க நேரம் கொடுங்கள். மாட்டேன் என்றால் “சரி” என்று சொல்லுங்கள், ‘ஏன்’ என்று கேட்காதீர்கள், அன்றைக்கு மட்டும் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள். சமோசாவுக்கு அவள் தன் பங்குக் காசை நீட்டினால் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.